மோர்மிளகாய்க்குக் கீழே கிடந்த தாள்கள்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் அன்புள்ள பிள்ளை நிருஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அங்கே வடக்கில் வைற்ஹோர்ஸில் நீ சுகமாக இருக்க வேண்டும், உன் அறைக்குள் காட்டுத்தீப் புகை வராமல் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அம்மாளாச்சியை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்திருக்கிறேன். நாங்களும் இங்கே நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. அப்பா நலம், அதில் உனக்கு ஒரு சந்தேகமும் வேண்டாம், இப்போதும் முன்னறையில் காற்றாடிக்கு முன்னால் இருந்து மோர் குடித்துக்கொண்டு, உப்புக் காணாது என்று எனக்குக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நலமில்லாதவள் நான்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, நெஞ்சுதான் இரண்டு கிழமையாகத் திடுக்கிட்டபடியே நிற்கிறது. இதைச் சொல்லத்தான் மூன்று தரம் உனக்குப் போன் எடுத்தேன். மூன்று தரமும் என்ன சமைச்சனீ, குளிரோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்தாலும் குரலைக் கேட்டாலும் எனக்கு வாய் வராது போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். இடையில் எழும்பிப் போகாமல் ஒரே இருப்பில் வாசி.

போன ஞாயிறு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அம்மா, நான் அவ்வளவு மினக்கெட்டுத் தமிழிலை எழுதி அனுப்பினன், மாமா அதை வாசிச்சவர், வாசிச்சுமே தண்ணி குடிக்காமல் பூட்டின வீட்டுக்குள்ளை இருந்து செத்துப்போனார் எண்டால் என்ரை எழுத்து ஒருத்தருக்கும் விளங்கேல்லை, இனி நான் இந்த வேலை செய்து என்ன பிரியோசனம் என்று கேட்டாய். காலநிலை பற்றித் தமிழில் எழுதுவதை விட்டுவிடப் போகிறேன், வேலையையும் விடத்தான் யோசிக்கிறேன் என்றாய். பிள்ளை, குணரத்தினம் மாமா உன் தாளை வாசிக்கவில்லை. அது அவர் கைக்குப் போகவே இல்லை. வாசிச்சவரோ என்று நீ ஆடி மாதம் கேட்டபோது, ஓம் ஓம் வாசிச்சவர், நல்லாயிருக்குதாம் என்று நான் சொன்னது பச்சைப் பொய். அப்பாவுக்குச் சளி என்று சொன்னதும் பொய், மாமாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று முதலில் சொன்னதும் பொய், அதை மட்டும் நீ வேறு ஆட்களிடம் கேட்டு அறிந்துவிட்டாய். ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய பெரிய கடிதவுறை ஆனிக் கடைசியில் வந்தது. உள்ளே எட்டு எட்டுப் பக்கமாக இரண்டு கட்டு. ஒன்று எங்களுக்கு, மற்றதின் மேல் நீ பேனையால் குணரத்தினம் மாமாவுக்கு என்று எழுதி, மாமா, கொஞ்சம் பெரிய எழுத்திலை அடிச்சிருக்கிறன், கண்ணாடி தேடத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தாய். கனடா முழுவதற்கும் காலநிலை மாறினால் என்ன நடக்கும் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதிய அறிக்கையில் இருந்து நீ சுருக்கிய தமிழ். எனக்குப் பெருமை இல்லாமலா? வீட்டுக்கு வந்த எல்லோருக்கும், என்ரை மகள் எழுதினது என்று கடிதவுறையைத் தூக்கிக் காட்டினேன். ஆனால் முதல் பக்கத்தில் தலைப்பை வாசித்தேன், இரண்டு வரி வாசித்தேன், பேந்து ஆறுதலாக வாசிப்பம் என்று வைத்தேன், அவ்வளவுதான். பிறகு வெயில் வந்தது. எப்படிப்பட்ட வெயில்! முப்பத்தைந்து வருசமாக இந்த ஊரில் மோர்மிளகாய் போட்டு ஒருநாளும் சரியாகக் காய்ந்ததில்லை, ஒவ்வொரு வருசமும் பூசணம் பிடித்துக் கடைசியில் அடுப்புக்குள் வைத்து எடுக்கிறனான். இந்த முறை பல்கனியில் வைத்த இரண்டாம் நாளே கலகலவென்று காய்ந்தது. தட்டுக்குக் கீழே விரிக்கத் தடித்த தாள் தேடினேன். உன்னுடைய தாள் நல்ல தடிப்பு, ஈரத்தை உறிஞ்சும். எங்களுடைய கட்டை ஒரு தட்டுக்கு விரித்தேன். அது போதாமல் போக, மாமாவின் கட்டையும் எடுத்து மற்றத் தட்டுக்கு விரித்தேன். பிள்ளையிட்டைச் சொன்னால் இன்னொன்று அனுப்புவாள்தானே என்று நினைத்தேன். அந்த மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, இந்த வெயில் ஒவ்வொரு வருசமும் வரட்டும் என்று வாய்விட்டுச் சொன்னவள் உன் தாய்.

மாமாவும் அப்படித்தான். உனக்குத் தெரியும், அப்பாவின் பழைய கூட்டாளி, இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் தனியே இருந்தாலும் பின்னேரத் தேத்தண்ணி இங்கேதான். நீ கார்டரிக்கு, அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு, போகிற காலத்தில் நானும் அப்பாவும் வேலைக்கு ஓட, ஸ்னோவுக்குள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விட்ட மனிதர். அந்த வாரம் டிவியில் கனிக்கூல், கனிக்கூல் என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கடும் வெக்கைக்கு இவர்கள் வைத்த பெயர். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். முப்பத்தி நாலு பாகைக்கு உவங்கள் அழுறாங்கள் தங்கச்சி, நாங்கள் கிளிநொச்சி வெயிலிலை வெறுங்காலோட வயல் வரம்பிலை நிண்ட ஆக்கள், வெயில் எங்களைப் பாத்து ஒதுங்கிப் போகும் என்றார். உன் கொப்பரும் சேர்ந்து ஒத்து ஊதினார். நீ போன மாரியில் ஏசி வாங்குங்கோ என்று சொன்னதற்கு, ஆறு மாதம் குளிருக்குச் செத்து, வாற ஒரு மாத வெயிலையும் மெஷின் வைச்சுத் துரத்திறதோ என்று கேட்ட மனிதர்தானே. அங்கே எங்களுக்கு வேப்பமரமும் கிணற்றுத் தண்ணீரும் இருந்தது, வயது இருபத்தைந்து. இங்கே செங்கல் சுவர், தார் பூசிய கூரை, வயது எழுபத்திரண்டு, காலையில் நாலு குளிசை. இந்தக் கணக்கு மூன்று பேரில் ஒருவருக்கும் ஓடவில்லை.

வெயிலின் நாலாம் நாள் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆண்கள் பிடிக்கிற விரதம், உன் அப்பா ஒரு வருசமும் விட்டதில்லை. விடிய எழும்பித் தோய்ந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தார், ஆனால் பிரஷர் குளிசையையும் அந்தச் சலம் போகிற குளிசையையும் மட்டும் ஒரு மிடறில் விழுங்கிவிட்டார், டொக்டர் விடச் சொல்லேல்லை என்று. மாமாவும் தன் தகப்பனுக்காக அதே விரதம். மாமி கண்ணை மூடிய பிறகு அவர் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை, இங்கே காகத்துக்கு வைத்த பிறகு அப்பா கொண்டுபோய்க் கொடுக்கிற சாப்பாட்டில்தான் விரதம் முடிப்பார், எட்டு வருசமாக அதுதான் ஒழுங்கு. நான் காத்தோட்டிக்காய்க் கறி, வாழைக்காய், பருப்பு, பாயசம், அந்த மோர்மிளகாய் எல்லாம் வைத்தேன். குசினி கொதித்தது. அப்பா பன்னிரண்டு மணிக்குச் சோறு உருட்டி வைத்துக்கொண்டு பின் பல்கனியில் போய் நின்றார். காகம் வரவில்லை. அணில் வந்தது, அவர் துரத்தினார். காகம் எடுக்காமல் வாயில் எப்படி வைக்கிறது என்று நின்றார். ஒரு மணியானது. உள்ளுக்கு வாங்கோ, காகத்துக்கும் வெயில்தானே, அது எங்கையாவது நிழலிலை கிடக்கும் என்றேன். பொறு என்றார். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது என்னைப் பார்த்து, அம்மா காகம் வந்திட்டுதோ என்று கேட்டார். என்னை அம்மா என்று கூப்பிட்டார், பிள்ளை. தோல் காய்ந்து நெருப்பாகச் சுட்டது, ஒரு துளி வியர்வை இல்லை. பிறகு அப்படியே சரிந்தார். தட்டு இரண்டும் கவிழ்ந்து மோர்மிளகாய் எல்லாம் அவர் மேல் கொட்டுண்டது.

அம்புலன்ஸ் பிள்ளைகள் வந்து கழுத்திலும் கமக்கட்டிலும் ஐஸ் வைத்துத்தான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், உன் வயதுதான் இருக்கும், என்னிடம் நாலே நாலு கேள்வி கேட்டாள். எத்தனையாம் மாடி, ஏசி இருக்கோ, என்ன குளிசை, எத்தனை மணித்தியாலமாகத் தண்ணி குடிக்கேல்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளின் முகம் மாறியது. வெயில் நாட்டில் பிறந்தவர் என்று நான் பெருமையாகச் சொல்லப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, மதாம், இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் இவர் இல்லை என்றாள். அன்றைக்கும் அடுத்த நாளும் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்துவாய். கத்து. நீ அந்த நேரம் நெருப்புக்குப் பயந்து சனம் வெளியேறிய ஊரில் நின்றாய், பிளேனும் ஓடவில்லை, சொல்லி உன்னை அங்கே துடிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனித்தான் கேள். நான் அம்புலன்ஸில் ஏறிய அவசரத்தில் போனைக் குசினியில் விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலமை தோய்ந்து உடுப்பு மாற்ற வந்தபோது பார்த்தேன், குணரத்தினம் அண்ணையின் இரண்டு அழைப்பு. ஒன்று இரண்டு மணி பத்துக்கு, மற்றது நாலரைக்கு. எனக்கு அப்போதுதான் சாப்பாடு ஞாபகம் வந்தது. மூடி வைத்தபடி மேசையில் இருந்தது. உடனே எடுத்தேன், பதிலில்லை. கோவத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். உனக்குத் தெரியும்தானே, சாப்பாடு பிந்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு தானே வந்து சிரிப்பார். பேந்து போய்ச் சமாதானம் பண்ணுவம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பா கண் முழித்துப் பேசியது மூன்றாம் நாள். முதல் கேட்ட கேள்வி, குணத்துக்குச் சாப்பாடு குடுத்தனியோ. நான் போய்க் கதவைத் தட்டினேன், தட்டிக்கொண்டே நின்றேன், பிறகு கட்டடத்தைப் பார்க்கிற ஆளைக் கூட்டிவந்து திறந்தோம். யன்னல் எல்லாம் பூட்டு, உள்ளே பாண் சுடுகிற போறணைக்குள் தலையை விட்ட மாதிரி வெக்கை. வேட்டி கட்டி, திருநீறு பூசி, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி. மேசையில் ஒரு தட்டும் ஒரு கிளாசும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. காகத்துக்கு நாங்கள் காத்திருந்தோம், எங்களுக்கு அவர் காத்திருந்தார். ஐயோ பிள்ளை, குழாயைத் திறந்தால் தண்ணீர். ஒரு எட்டுத்தானே. விரதம் என்று அந்த மனிதர் குடிக்கவில்லை.

செத்தவீடு முடிந்து வந்து, பல்கனியைக் கூட்டும்போதுதான் உன் தாள்களை எடுத்தேன். மோரும் மிளகாய்த் தண்ணீரும் ஊறி மஞ்சளாகி, ஓரம் எல்லாம் மொரமொரவென்று நின்றது. கதவுப் படியில் இருந்து அன்றைக்குத்தான் எட்டுப் பக்கமும் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், மிளகாய் விதை ஒட்டின இடத்தில், அந்த டொக்டரின் நாலு கேள்வியும் இருக்கிறது. மேல்மாடி, ஏசி இல்லாத வீடு, பிரஷர் குளிசையும் சலக் குளிசையும், தண்ணீர் குடிக்காமல் இருக்கிற மணித்தியாலம். அதோடு தனியே இருக்கும் வயதானவர்களும். பெயரை மட்டும்தான் நீ எழுதவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். மற்றப் பக்கங்களையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். உலகம் சூடாகிறதைப்போல இரண்டு மடங்கு கனடா சூடாகிறதாமே, நீ இருக்கும் வடக்கு அதையும் விடக் கூடவாமே. குளிர் நாடு கடைசியாகத்தான் சுடும் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது மொன்றியலில் முப்பது தாண்டுகிற நாள் வருசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு, நீ என் வயதுக்கு வருகிறபோது அது மூன்று மடங்கு ஆகலாம் என்று எழுதியிருக்கிறாய். கோதுமை விளைகிற மாகாணங்களில் தண்ணீர் வற்றும், கரையோரத்துக் கடல் ஊருக்குள் ஏறும், ஒரு நாள் மழையில் நிலக்கீழ் அறைகள் நிரம்பும், அங்கே உறைந்த மண் இளகி வீதியும் வீடும் கீழே இறங்கும், காடு எரியும், அந்தப் புகை இங்கேவரை வரும். குண்டுக்குப் பயந்து ஒரு பையோடு ஓடி வந்து, இனி ஓடத் தேவையில்லை என்று கால் வைத்த நாடு இது. இங்கேயும் சனம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்கு ஓடுகிறது, அதில் ஒரு ஊரில் என் பிள்ளை நிற்கிறாள். இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

அப்பாவுக்கு நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாள் மிளகாய்க்குக் கீழே கிடந்த கதையையும்தான். ஏசுவார் என்று பார்த்தேன். நீ குடுத்திருந்தாலும் அவன் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சிருப்பான், நானும் சேர்ந்து சிரிச்சிருப்பன் என்றார். எனக்காகச் சொல்கிறார் என்று தெரியும். சொல்லுறவன் சொன்னாலும் கேக்கிறவனுக்கு மதி எங்கை போச்சு என்று ஊரில் சொல்வார்கள், அது எனக்கு வந்து வாய்த்திருக்கிறது. ஆனால் பிள்ளை, மாமா வாசித்திருந்தால், கண்ணாடி தேடத் தேவையில்லை என்ற உன் வரியைப் பார்த்து முதலில் சிரித்திருப்பார், பிறகு நீ எழுதினாய் என்பதற்காக ஒரு கிளாஸ் தண்ணீராவது குடித்திருப்பார். விரதத்துக்குத் தண்ணீர் குற்றமில்லை என்று நீ ஏழாம் பக்கத்தில் ஐயரைக் கேட்டே எழுதியிருக்கிறாயே. எங்கள் சனத்துக்கு எது தடை என்று தெரிந்து எழுதியிருக்கிறாய். அதை வேறு எவன் எழுதுவான்? ஆகவே உன் எழுத்தில் பிழை இல்லை. கொடுக்காமல் விட்டவளில்தான் பிழை. வேலையை விடுகிற கதையை இனி என் காதில் போடாதே.

இனி நீ செய்ய வேண்டியது. மாமாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, அடுத்த மாதம் முதல் கிழமை, லவாலில் இருக்கிற அவருடைய மருமகன் விதுர்சன்தான் எல்லாம் பார்க்கிறான். நினைவு மலர் அடிக்கிறான், தேவாரம் திருவாசகத்தோடு வேறு என்ன போடுகிறது மாமி என்று என்னைக் கேட்டான். நான் உன் எட்டுப் பக்கத்தைப் போடச் சொன்னேன். எங்கள் ஆட்கள் வேறு எந்தத் தாளையும் மிளகாய்க்கு விரிப்பார்கள், செத்தவரின் படம் போட்ட புத்தகத்தை ஒருநாளும் விரிக்க மாட்டார்கள், சாமி அறையில் வைத்திருப்பார்கள். முந்நூறு வீட்டுக்குப் போகும். கறைபிடித்ததை அச்சுக்காரனிடம் கொடுக்க முடியாது, சுத்தமான பிரதியை இருபத்தைந்தாம் திகதிக்கு முன்னம் விதுர்சனுக்கு அனுப்பு. ஒன்று மட்டும் சேர்த்து எழுது. வெக்கை நாளில் தனியே இருக்கிறவர் போனை எடுக்காவிட்டால் கோவம் என்று நினைக்காதீர்கள், போய்க் கதவைத் தட்டுங்கள் என்று முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்.

எங்களைப் பற்றி யோசிக்காதே. ஏசி வந்துவிட்டது, கொப்பர் அதற்கும் குறை சொல்லிக்கொண்டு அதற்கு நேரே தலையை வைத்துத்தான் நித்திரை. வரும் வருசம் விரதத்துக்குத் தண்ணீர் குடிப்பேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார், காகத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை என்றும். இந்தத் தெருவில் தனியே இருக்கிற ஐந்து பேருக்குத் தினமும் காலமை நான் போன் எடுக்கிறேன், அதில் ஒருத்தி வெள்ளைக்காரக் கிழவி, நான் எடுக்கப் பிந்தினால் அவள் எனக்கு எடுக்கிறாள். நீ பாஸ்போர்ட், படிப்புப் பத்திரம், ஒரு மாற்று உடுப்பு, குளிசை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் வை. எடு என்றால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. இது எந்த அறிக்கையையும் வாசித்துச் சொல்வதல்ல, அம்மாவுக்குத் தெரிந்த விசயம். புகை நாளில் வெளியே நடக்காதே. நெற்றியில் திருநீறு வை. அம்மாளாச்சி உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் தர வேண்டும், நீ எழுதுவது எல்லாம் போய்ச் சேர வேண்டியவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். மலரில் உன் பக்கங்களுக்கு முன்னால் இரண்டு வரி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். விதுர்சன் வேண்டாம் மாமி, சனம் கதைக்கும் என்றான். கதைக்கட்டும் என்றேன். நீ அச்சில் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்க இங்கேயும் எழுதுகிறேன்: இந்த எட்டுப் பக்கமும் அமரர் குணரத்தினம் அவர்களுக்கு, அவர் உயிரோடு இருந்தபோது, ஒரு பிள்ளை எழுதி அனுப்பியவை. அவற்றை அவர் கையில் கொடுக்காமல் விட்டவள் நான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தியாகலிங்கம் புஷ்பவதி